மதுரையில் சின்னக் கடைக்கு ஆன்லைன் வியாபாரம்: எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது

சின்னதாகக் கடை வைத்திருப்பவர்களிடம் ஆன்லைன் மார்க்கெட்டிங் என்று வாயெடுத்தால் பேச்சு நேராக ரீல்ஸுக்கும் விளம்பரத்துக்கும் போய்விடுகிறது. அந்த இரண்டும் கடைசியில் வரவேண்டியவை. ஏற்கெனவே உங்களைத் தேடுகிறவருக்கு உங்கள் கடை மேப்பில் அகப்படவில்லை, அகப்பட்டவர் போட்ட மெசேஜுக்கு மறுநாள் மத்தியானம்தான் பதில் போகிறது என்றால், காசு கொடுத்து இன்னும் ஆயிரம் பேரைக் கூட்டி வந்து என்ன செய்யப் போகிறோம்? வாசல் வரை வந்த ஆளைத் தொலைக்காமல் இருப்பதற்கு முதலில் வழி பண்ணுவோம். இந்த வழிகாட்டியின் வரிசை அதை வைத்துத்தான்.

தெற்கு மாசி வீதியின் சந்துக்குள் சுங்குடிக் கடை, வில்லாபுரத்தில் வீட்டிலேயே அரைக்கும் இட்லிப் பொடி, விளாச்சேரியில் கொலு பொம்மை, கே.கே. நகரில் ஏசி மெக்கானிக். இந்த நான்கு பேரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். முதல் ஐந்து படிகள் எல்லோருக்கும் பொது. அதற்கு மேல் அவரவர் தொழிலுக்குத் தக்கபடி எடுத்துக்கொள்ளலாம்.

படி 1: கணக்கு யார் பெயரில்?

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கடையின் கூகுள் பக்கத்தை அக்கா மகன் அவன் ஜிமெயிலில் தொடங்கியிருப்பான். ஃபேஸ்புக் பக்கத்தைப் போட்டோ ஸ்டூடியோத் தம்பி தொடங்கிக் கொடுத்திருப்பார். ஒருவர் வேலைக்கு வெளிநாடு போவார், இன்னொருவர் நம்பரை மாற்றுவார். அப்புறம் கடை இடம் மாறினாலும் முகவரியைத் திருத்த ஆள் இருக்காது. மதுரையில் நான் பார்த்த கடைகளில் அடிக்கடி வரும் சிக்கல் இதுதான்.

கடைக்கென்று புதிதாக ஒரு ஜிமெயில் தொடங்குங்கள். கடைக்கென்று ஒரு சிம், உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். ஜிமெயில், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றிலும் இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டுவிட்டு, பாஸ்வேர்டுகளை ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் வையுங்கள். பாஸ்வேர்டை எழுதி வைக்கக் கூடாது என்று சொல்வார்கள். கடைக்காரருக்கு அது மறந்து போவதுதான் பெரிய ஆபத்து. பிள்ளைகளோ ஏஜென்சியோ உதவி செய்தால் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். கூகுளிலும் ஃபேஸ்புக்கிலும் வேறொருவரை நிர்வாகியாகச் சேர்க்கும் வசதி உண்டு. உரிமையாளர் நீங்கள், வேலை பார்ப்பது அவர். வேண்டாம் என்றால் ஒரே தட்டில் நீக்கிவிடலாம்.

படி 2: கூகுள் மேப்பில் கடை

கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்பது இலவசம். மேப்பில் உங்கள் கடையைத் தட்டினால் வரும் பெயர், நேரம், போன், படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. "கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டாவிட்டால் உங்கள் கடையை மேப்பிலிருந்து எடுத்துவிடுவோம்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். மேப்பில் இருப்பதற்குக் கட்டணம் கிடையாது.

தொடங்கும் முன் உங்கள் கடைப் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மேப்பில் தேடிப் பாருங்கள். வாடிக்கையாளர் யாராவது ஏற்கெனவே சேர்த்திருக்கக்கூடும். அப்படி இருந்தால் அதையே உங்களுடையது என்று உரிமை கோருங்கள். புதிதாக இன்னொன்று போட்டால் மேப்பில் இரண்டு பின் (இடத்தைக் காட்டும் குறி) நிற்கும், வருகிறவர் குழம்புவார்.

பெயர்ப் பலகையில் என்ன இருக்கிறதோ அதையே பெயராகப் போடுங்கள். "மதுரையின் நம்பர் ஒன் மலிவு விலை காட்டன் சேலை" என்றெல்லாம் நீட்டினால் கூகுள் பக்கத்தை முடக்கக்கூடும். வகையைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். ஏசி ரிப்பேர் செய்கிறவர் எலக்ட்ரானிக்ஸ் கடை என்று போட்டுவிட்டால், வெயில் காலத்தில் ஏசி சர்வீஸ் தேடுகிறவருக்கு அவர் கண்ணில் படமாட்டார். வீட்டுக்குப் போய் வேலை பார்க்கிறவர் வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்தப் பகுதிக்குப் போவார் என்பதை மட்டும் காட்டலாம். கே.கே. நகர், அண்ணா நகர், ஒத்தக்கடை என்று உண்மையாகவே போகும் இடங்களை மட்டும் போடுங்கள். திருமங்கலத்தையும் மேலூரையும் சும்மா சேர்த்துவிட்டு, போன் வரும்போது "அவ்வளவு தூரம் வரமாட்டோம்" என்று சொன்னால் ஒரு நட்சத்திரம்தான் மிஞ்சும்.

பின் எங்கே விழுகிறது என்பதைக் கோயிலைச் சுற்றியிருக்கும் கடைக்காரர்கள் நேரில் நடந்து பார்த்தே ஆகவேண்டும். மாசி வீதிக்கும் ஆவணி மூல வீதிக்கும் இடையே உள்ள சந்துகளில் பின் பத்தடி தள்ளி விழுந்தால் ஆள் அடுத்த தெருவில் போய் நிற்பார். போனில் இருப்பிடத்தைப் போட்டுக்கொண்டு விளக்குத்தூணிலிருந்து ஒருமுறை, பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒருமுறை நடந்து பாருங்கள். சித்திரை வீதிகளுக்குள் வண்டி வராது என்பது நமக்குத் தெரியும், வெளியூர்க்காரருக்குத் தெரியாது. "காரில் வருகிறவர்கள் வடக்கு ஆவணி மூல வீதியின் பல அடுக்கு வாகன நிறுத்தத்தில் விட்டுவிட்டு வரலாம்" என்று கடை விவரத்தில் ஒரு வரி எழுதினால் எத்தனையோ போன் குறையும்.

பக்கம் உங்களுடையதுதானா என்று கூகுள் சரிபார்க்கும். இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள்: தெரு, பெயர்ப் பலகை, கடைக்குள் பூட்டைத் திறப்பது அல்லது கல்லாவில் உட்காருவது என்று, அந்த இடம் உங்கள் கையில்தான் இருக்கிறது என்பதைக் காட்டும் ஒரே தொடர் வீடியோ. வெட்டி ஒட்டாதீர்கள். பெயர்ப் பலகை இல்லாமல் வீட்டிலிருந்து தொழில் செய்கிறவர்கள் கருவிகளையும் சரக்கையும் தொழில் பதிவுக் காகிதத்தையும் காட்டலாம்.

தேடலில் யாரை முன்னே காட்டுவது என்பதற்குக் கூகுள் மூன்று விஷயங்களைச் சொல்கிறது. தேடியதற்கும் உங்கள் தொழிலுக்கும் உள்ள பொருத்தம், தேடுபவர் நிற்கும் இடத்திலிருந்து தூரம், உங்கள் கடைக்கு இருக்கும் நற்பெயர். தூரத்தை மாற்ற முடியாது. பொருத்தம் என்பது வகையும் விவரமும். நற்பெயர் என்பதில் ரிவியூ பெரும்பங்கு வகிக்கிறது.

ரிவியூவைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். "ஐந்து நட்சத்திரம் போட்டால் ஐம்பது ரூபாய் தள்ளுபடி" என்பதும் கூகுள் விதிப்படி தப்பு. பொருளை வாங்கிச் சந்தோஷமாக நிற்கிறவரிடம் "அக்கா, கூகுள்ல ரெண்டு வரி எழுதுங்க, எங்களுக்கு உதவியா இருக்கும்" என்று அந்த நேரமே கேளுங்கள். க்யூஆர் கோடை அச்சடித்துக் கல்லாப் பக்கம் ஒட்டினால் இன்னும் சுலபம். திட்டி எழுதியவருக்கும் பதில் போடுங்கள், சண்டைக்குப் போகாமல். "வணக்கம் அண்ணா. சாயம் போனதாகச் சொல்கிறீர்கள். பில்லோடு கடைக்கு வாங்க, பார்த்து மாற்றித் தருகிறோம்" என்றால் போதும். எழுதியவர் மசிகிறாரோ இல்லையோ, அடுத்து படிக்கிற பத்துப் பேருக்காகத்தான் அந்தப் பதில்.

சித்திரைத் திருவிழா சமயத்தில் நேரத்தை மாற்றுவதை மறக்காதீர்கள். தேரோட்டத்தன்று மாசி வீதிக்குள் யாரும் வண்டியில் வர முடியாது. கடை திறந்திருக்கிறது என்று மேப் சொல்ல, ஒருவர் விருதுநகரிலிருந்து கிளம்பி வந்துவிட்டால் அவர் மறுபடி வரவே மாட்டார்.

படி 3: வாட்ஸ்அப் பிசினஸ்

நம் ஊரில் உண்மையான ஆன்லைன் கடை வாட்ஸ்அப்தான். வெப்சைட்டுக்குச் செலவு பண்ணும் முன் இதை ஒழுங்காக வையுங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் தனி ஆப், இலவசம். கடை சிம்மை இதில் போட்டால் வீட்டு வாட்ஸ்அப் தனியாகவும் கடை தனியாகவும் ஒரே போனில் ஓடும். லேண்ட்லைன் நம்பரையும் பதிவு செய்யலாம். சரிபார்ப்புக்கு எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் போன் அழைப்பைக் கேட்டால் போதும்.

அதில் மூன்று வசதிகள் சின்னக் கடைக்குப் பெரிய உபகாரம்.

முதலாவது கேட்டலாக். பொருளின் படம், பெயர், விலை, ஒரு வரி விவரம். 500 பொருள் வரை போடலாம், ஆனால் 30 போட்டு அதை வாரம் ஒருமுறை சரியாக வைத்திருப்பது மேல். விற்றுத் தீர்ந்ததை அன்றே மறைத்துவிடுங்கள்.

இரண்டாவது, தானாகப் போகும் மெசேஜ். முதல்முறை எழுதுகிறவருக்கு ஒன்று, கடை மூடியபின் எழுதுகிறவருக்கு ஒன்று. இப்படி எழுதலாம்:

"வணக்கம். இது தெற்கு மாசி வீதி சுங்குடிக் கடை. காலை 10 முதல் இரவு 9 வரை பதில் சொல்வோம். சேலைகளும் விலையும் கேட்டலாக்கில் இருக்கு. வெளியூருக்கு அனுப்பணும்னா ஊர்ப் பேரும் பின்கோடும் போடுங்க."

கடைசி வரியைக் கவனியுங்கள். பின்கோடை முதலிலேயே வாங்கிவிட்டால் கூரியர் செலவைச் சொல்ல நாலு மெசேஜ் போகவேண்டியதில்லை.

மூன்றாவது லேபிள். "விசாரணை", "அட்வான்ஸ் வந்தது", "பார்சல் போச்சு", "பாக்கி" என்று நான்கு லேபிள் வைத்தால் கணக்குப் பிள்ளை தனியாக வேண்டாம். தீபாவளிக்கு முந்தின வாரத்தில் யார் காசு அனுப்பினார், யார் சும்மா கேட்டார் என்று மேலும் கீழும் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். பலர் இது தெரியாமல், அனுப்பியும் யாரும் பார்க்கவில்லை என்று அலுத்துக்கொள்கிறார்கள். பில்லிலும் கைப்பையிலும் "புதுச் சரக்கு பார்க்க இந்த நம்பரைச் சேமிச்சு வையுங்க" என்று அச்சடியுங்கள். எங்கிருந்தோ நம்பர் பட்டியல் வாங்கித் தெரியாதவர்களைக் குரூப்பில் சேர்க்காதீர்கள். நாலு பேர் புகார் தட்டினால் நம்பரே முடங்கும், அதோடு இத்தனை வருட வாடிக்கையும் போகும்.

ஸ்டேட்டஸ் பிராட்காஸ்ட்டைவிட நல்லது என்பது என் எண்ணம். பிடித்தவர் பார்ப்பார், பிடிக்காதவருக்குத் தொந்தரவில்லை. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று போதும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பதில் போகும் வேகம். கடை நேரத்தில் கேட்டவருக்குக் கால் மணி நேரத்துக்குள் ஒரு வரியாவது போகவேண்டும். "பார்த்துச் சொல்றேன்க்கா, அஞ்சு நிமிஷம்" என்பதும் பதில்தான். கேட்கிறவர் ஒரே நேரத்தில் மூன்று கடைக்குக் கேட்டிருப்பார். முதலில் ஒழுங்காகப் பேசியவரிடம்தான் வாங்குவார்.

படி 4: படமும் விலையும்

"விலைக்கு இன்பாக்ஸ் வரவும்" என்று போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். விலை தெரியாவிட்டால் நிறையப் பேர் கேட்கக் கூச்சப்பட்டுப் போய்விடுகிறார்கள். போட்டியாளர் பார்த்துவிடுவார் என்று பயப்படுகிறீர்களா? அவர் உங்கள் கடைக்கு ஆள் அனுப்பி எப்போதோ தெரிந்துகொண்டிருப்பார்.

படத்துக்குப் பெரிய கேமரா வேண்டாம். காலை வெயில் நேராக விழாத வாசல் பக்கம், வெளுப்பான சுவர், டியூப் லைட்டை அணைத்துவிட்டு எடுக்க வேண்டும். டியூப் லைட்டில் அரக்கு சிவப்பாகவும் மயில் கழுத்துப் பச்சை நீலமாகவும் தெரியும், சேலை திரும்பி வரும். ஒரு சேலைக்கு மூன்று படம்: விரித்தது, புள்ளி தெரியக் கிட்டத்தில், யாராவது கட்டியது. சுங்குடி என்றால் இன்னொன்றும் சொல்லிவிடுங்கள். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்ததா, மெழுகு அச்சா, ஸ்கிரீன் பிரிண்ட்டா? மூன்றும் சந்தையில் இருக்கின்றன, விலையும் வேறு வேறு. மதுரைச் சுங்குடி 2005-லேயே புவிசார் குறியீடு பெற்ற பெயர். மதுரை மல்லிக்கு 2013-இல் கிடைத்தது. குறியீட்டு முத்திரையைப் போட அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாமல் முத்திரைப் படத்தை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டாதீர்கள். அச்சுச் சேலையை அச்சுச் சேலை என்று சொல்லி விற்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

பொம்மைக்கு அளவு தெரிய வேண்டும். பக்கத்தில் ஒரு அடி ஸ்கேலை வைத்து எடுங்கள். பொடிக்கு, பொட்டலத்தின் படத்தோடு பின்பக்க லேபிளும் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம்.

படி 5: காசு வாங்குவதும் ஏமாறாமல் இருப்பதும்

யூபிஐயில் பணம் வாங்க பின் நம்பர் போட வேண்டியதில்லை, எதையும் ஸ்கேன் பண்ண வேண்டியதில்லை. கடையில் உதவிக்கு இருக்கும் பையனுக்கும் வீட்டில் போன் எடுக்கும் அம்மாவுக்கும் இந்த ஒரு வரியைச் சொல்லி வையுங்கள்.

அடிக்கடி நடக்கும் மோசடி ஒன்று உண்டு. ராணுவ முகாமிலிருந்து பேசுவதாக இந்தியில் ஒருவர் அழைப்பார். மொத்தமாக ஆர்டர் கொடுப்பார், விலை பேசவே மாட்டார். அட்வான்ஸ் அனுப்ப ஒரு க்யூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் பண்ணச் சொல்வார். ஸ்கேன் பண்ணிப் பின்னைப் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். பேரம் பேசாமல் ஒருவர் இருபது கிலோ பொடி கேட்டாலே நம்மூர்க்காரருக்குச் சந்தேகம் வரவேண்டாமா?

பணம் போட்டதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். அதைப் போலியாகச் செய்ய ஆப்களே இருக்கின்றன. சவுண்ட் பாக்ஸ் சொன்னதா, வங்கிக் கணக்கில் ஏறியதா என்று பார்த்தபின்தான் பார்சல் கட்டவேண்டும். கடை வாசலில் ஒட்டிய க்யூஆர் கோடின் மேல் வேறு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. காலையில் கடை திறந்ததும் ஒரு ரூபாய் போட்டுப் பார்த்தால் பெயர் தெரிந்துவிடும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்க வாய்ப்பு இருப்பது முதல் சில மணி நேரத்தில்தான்.

படி 6: பார்சல்

பொருள் கைக்கு வந்தபின் காசு என்பதைத் தொடக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். வாங்க மறுத்துத் திரும்பி வந்தால் இரண்டு பக்கச் செலவும் உங்கள் தலையில். முழுப் பணமோ, புது ஆளாக இருந்தால் பாதி அட்வான்ஸோ வாங்குங்கள். தயங்குகிறவருக்கு வீடியோ காலில் சேலையைப் பிரித்துக் காட்டினால் பெரும்பாலும் நம்பிக்கை வந்துவிடும்.

சேலைக்கும் பொடிக்கும் கூரியரோ ஸ்பீடு போஸ்ட்டோ போதும். கூரியர் போகாத கிராமத்துக்குத் தபால்காரர் போவார். பொம்மைக்கு வேறு கணக்கு. கூரியர்காரர்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து ஒரு எடை எடுப்பார்கள். உண்மையான எடை, இந்த எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் காசு. 40, 30, 30 சென்டிமீட்டர் பெட்டி என்றால் 7.2 கிலோ. உள்ளே இரண்டு கிலோ பொம்மைதான் இருந்தாலும் அதே கட்டணம். இது தெரியாமல் கூரியர் செலவைக் குறைத்துச் சொல்லிவிட்டால் லாபம் அத்தனையும் அட்டைப் பெட்டிக்கே போகும். சென்னை, கோவை மாதிரி ஊர்களுக்கு ஆம்னி பஸ் பார்சலில் போட்டு அங்கே அலுவலகத்தில் எடுத்துக்கொள்ளச் சொன்னால் செலவும் குறையும், உடைசலும் குறையும். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்தால்தான் உடைசலுக்கு மாற்று என்பதை முன்பே எழுதி அனுப்பிவிடுங்கள்.

படி 7: காகிதங்கள்

கடையில் மட்டும் விற்றவர்கள் ஆன்லைனில் இறங்கும்போது கவனிக்காமல் விடுவது ஜிஎஸ்டியைத்தான். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம். இதை நம்பிக்கொண்டு, இன்ஸ்டாகிராமில் பெங்களூருக்கு ஒரு சேலையை அனுப்பும்போது கதை மாறுகிறது. வரி உள்ள பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால், விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு வேண்டும். அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருட்கள் சிலவற்றுக்கு இதில் சலுகை உண்டு. உங்கள் சரக்கு அதில் வருகிறதா என்பதை ஆடிட்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய விற்பனைத் தளங்கள் வழியாக மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சின்ன வியாபாரிகளுக்கு 2023 அக்டோபர் முதல் ஜிஎஸ்டிப் பதிவு இல்லாமலே, ஒரு சேர்க்கை எண்ணை மட்டும் பெற்று விற்க வழி செய்திருக்கிறார்கள்.

உணவுப் பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு, வீட்டிலிருந்து செய்தாலும் வேண்டும். அந்த 14 இலக்க எண் பொட்டலத்தில் இருக்க வேண்டும். அதோடு சேர்மானங்கள், நிகர எடை, பேக் செய்த மாதமும் வருடமும், எதற்குள் பயன்படுத்த வேண்டும், எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச விலை, உங்கள் பெயர், முகவரி, புகார் சொல்ல ஒரு நம்பர், சைவத்துக்கான பச்சைக் குறி.

உத்யம் என்பது சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, அது இலவசம். ஆதாரும் பான் கார்டும் போதும். தேடினால் முதலில் வரும் சில பக்கங்கள் அரசுப் பக்கம் மாதிரியே இருந்துகொண்டு கட்டணம் கேட்கும். முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

படி 8: இன்ஸ்டாகிராமும் ரீல்ஸும்

இப்போது வரலாம். பாட்டுப் போட்டு ஆடவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. உங்கள் வேலையில் கண்ணுக்குத் தெரியும் கட்டம் எதுவோ அதை எடுங்கள். விளாச்சேரியில் அச்சிலிருந்து களிமண் பொம்மை வெளியே வருவது, கண் எழுதுவது. சுங்குடியில் சாயம் காய்ந்தபின் முடிச்சை இழுத்துப் பிரிக்கும் அந்த நொடி. ஏசி மெக்கானிக் என்றால் ஃபில்டரைக் கழுவுமுன், கழுவியபின். கேமராவைப் பார்த்துப் பேசப் பயமாக இருந்தால் கைகளை மட்டும் காட்டிப் பின்னணியில் பேசுங்கள். மதுரைப் பேச்சிலேயே பேசுங்கள், செய்தி வாசிப்பது மாதிரி வேண்டாம்.

பார்வைகள் எவ்வளவு என்பதில் மயங்காதீர்கள். ஒரு லட்சம் பேர் பார்த்து, அதில் முக்கால்வாசி வேறு மாநிலத்துக்காரர் என்றால் ஏசி மெக்கானிக்குக் கால் காசுக்குப் பிரயோஜனம் இல்லை. இருநூறு பேர் பார்த்து மூன்று பேர் கே.கே. நகரிலிருந்து போன் பண்ணினால் அது நல்ல ரீல்.

எப்போது எதைப் போடுவது என்பதற்கு நம் ஊர் நாட்காட்டியே போதும். கொலு புரட்டாசியில்தான் என்றாலும், பொம்மைப் படங்களை ஆடியிலேயே போடத் தொடங்கவேண்டும். வெளியூர்க்காரர் செட்டாக ஆர்டர் கொடுக்க அவ்வளவு நாள் எடுத்துக்கொள்வார். அது முடிந்ததும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள். மார்கழியில் கல்யாணம் கிடையாது, ஆனால் தை முகூர்த்தத்துக்கான விசாரணை மார்கழியில்தான் வரும். மாலை கட்டுகிறவர்களும் பிளவுஸ் தைக்கிறவர்களும் அந்த மாதம் சும்மா இருந்துவிடக் கூடாது. பனி நாளில் மல்லி வரத்துக் குறைந்து விலை ஏறும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைத்தால் அட்வான்ஸ் வாங்கும்போது மனத்தாங்கல் வராது. ஏசிக்காரர் மாசி முடியுமுன்பே "வெயிலுக்கு முன் சர்வீஸ்" என்று போடட்டும். தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரம் விளக்குத்தூண் பக்கம் நடக்கவே இடம் இருக்காது. அப்போது கூட்டத்துக்கு அஞ்சி வீட்டிலிருக்கிறவர்களைக் குறிவைத்து வீடியோ காலில் சேலை காட்டலாம்.

படி 9: காசு கொடுத்து விளம்பரம்

கணக்கு போட்டுவிட்டுத்தான் இறங்கவேண்டும். ஒரு உதாரணம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு 1000 ரூபாய் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டியோடு 1180. அதில் இருபது பேர் வாட்ஸ்அப்பில் விசாரித்து, நாலு பேர் சேலை வாங்கி, ஒரு சேலைக்கு உங்களுக்கு 250 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் வந்தது 1000. கையை விட்டு 180 போயிருக்கிறது. அந்த நாலு பேரில் இரண்டு பேர் பொங்கலுக்கு மறுபடி வாங்கினால் லாபம், வராவிட்டால் நட்டம். இந்தக் கணக்கை எழுதி வைக்காமல் "விளம்பரம் நல்லா போகுது" என்று சொல்ல முடியாது.

போடுவதானால், பதிவுக்குக் கீழே இருக்கும் பூஸ்ட் பட்டனை ஆசைக்குத் தட்டாமல், தட்டினால் நேராக வாட்ஸ்அப் திறக்கும் வகை விளம்பரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஏசி சர்வீஸுக்கு உங்கள் இடத்தைச் சுற்றிச் சில கிலோமீட்டர் மட்டும் வட்டம் போடுங்கள். ஏற்கெனவே இலவசமாகப் போட்டு நல்ல விசாரணை வந்த ரீலையே விளம்பரமாக்குங்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பையும் முடிவுத் தேதியையும் மறக்காமல் போடுங்கள். முடிவுத் தேதி இல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும் விளம்பரங்கள் நிறைய.

மாதம் இவ்வளவு கொடுத்தால் எல்லாம் பார்த்துக்கொள்கிறோம் என்று வரும் ஏஜென்சியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். விளம்பரக் கணக்கு யார் பெயரில் இருக்கும்? கொடுக்கும் பணத்தில் விளம்பரத்துக்கு எவ்வளவு, உங்கள் கூலி எவ்வளவு? கூகுளில் முதல் இடத்துக்கு உத்தரவாதம் என்று சொல்கிறவரை டீ கொடுத்து அனுப்பிவிடலாம்.

அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ போன்ற தளங்களைப் பற்றி: ஒரே மாதிரிச் சரக்கு நிறைய வைத்திருப்பவருக்குச் சரிவரும். ஒவ்வொரு சேலையும் வேறு வேறு என்று விற்பவருக்கும் உடையும் பொருள் விற்பவருக்கும் திரும்பி வரும் பார்சலே தலைவலியாகிவிடும். அங்கே வாங்குகிறவர் தளத்தின் வாடிக்கையாளர், அவர் நம்பர் உங்கள் கையில் தங்காது.

உதவி எங்கே கிடைக்கும்

அழகர்கோவில் சாலையில் இருக்கும் மாவட்டத் தொழில் மையம்தான் முதல் வாசல். மானியக் கடன் திட்டங்களுக்கு மனு எப்படிப் போடுவது என்று அங்கே சொல்வார்கள். தையல், மண்பாண்டம் போன்ற கைத்தொழில் செய்கிறவர்கள், 2025-இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். 35 வயது நிரம்பியவர்களுக்கு 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம் என்று அறிவிக்கப்பட்டது. சிறுதொழிலுக்கான மத்திய அரசுத் திட்டமான முத்ரா கடனுக்கு நேராக வங்கிக்கே போகலாம். சிசு என்ற பிரிவில் 50,000 வரை, கிஷோரில் 5 லட்சம் வரை, தருணில் 10 லட்சம் வரை, பிணை இல்லாமல். வங்கியில் முதலில் கேட்பது உங்கள் கணக்கின் வரவு செலவு. யூபிஐயில் வாங்கும் காசு கடைக் கணக்கிலேயே விழுந்திருந்தால் அப்போது அது பேசும். அந்தக் காரணத்துக்காகவாவது க்யூஆர் கோடை மனைவி கணக்கிலும் மகன் கணக்கிலும் மாற்றி மாற்றி வைக்காதீர்கள்.

பயிற்சி வேண்டுமென்றால் சென்னையில் இருக்கும் தொழில் முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் டிஜிட்டல் மார்க்கெட்டிங், ஏற்றுமதி என்று குறுகிய வகுப்புகள் நடத்துகிறது. மதுரையில் சிறுதொழில் செய்கிறவர்களின் சங்கமான மடீட்சியாவும், 1924 முதல் இயங்கும் தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கமும் கூட்டங்களும் கண்காட்சிகளும் நடத்துகின்றன. உறுப்பினராக இல்லாதவர்களும் விசாரித்துப் பார்க்கலாம்.

ஓட்டலுக்கோ பெரிய கடைக்கோ கடனில் சரக்கு கொடுத்துவிட்டுப் பணத்துக்கு அலைகிற உற்பத்தியாளராக இருந்தால் உத்யம் பதிவு கைகொடுக்கும். 2006-ஆம் ஆண்டின் சிறு, குறுந்தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்க முடியாது. தாண்டினால் வட்டியோடு கேட்டு இணையத்தில் மனு செய்யலாம். வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, செய்து கொடுக்கிறவருக்கும் சேவைத் தொழிலுக்கும்தான். மனுவோடு பில்லையும் சரக்கு போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியையும் சேர்க்கவேண்டியிருக்கும்; ஆகவே ஐந்து கிலோ பொடி கொடுத்தாலும் பில் போட்டுக் கொடுத்து, வாங்கியவரின் கையெழுத்தை நகலில் வாங்கி வையுங்கள்.